சீனி சிஸ்டரும் ரெண்டு நிமிஷமும்

ஒரு வயதைத் தாண்டிய யாரையும் சீனி சிஸ்டர் மனிதராகவே மதித்ததில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளை வார்டு நர்ஸ் அவர். சொந்தப் பெயர் டூட்டி நோட்டுக்கு மட்டும் தெரியும்.

நான் கட்டிட வேலைக்கு மலையாள தேசம் வந்து கம்பி கட்டுகிறவன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். என் மகள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். உடம்பில் மஞ்சள் ஏறி, நீல விளக்கின் கீழே கிடந்தாள். தினமும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் அவள் அழுததைக் கேட்டு, மூன்றாம் நாள் என் மனைவி செல்வி பையைக் கட்டிவிட்டாள்.

"இனி பிள்ளையக் குத்த விடமாட்டேன். ஊருக்குப் போவோம்."

மஞ்சள் இறங்காவிட்டால் மூளையைப் பாதிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அவள் செருப்பைத் தேடினாள்.

அப்போதுதான் லீவு முடிந்து சீனி சிஸ்டர் வந்தார். கையில் ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சு. எங்களைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

"வழியில ஆரு இந்த சஞ்சி வெச்சது? மாத்துங்க."

செல்வி மாற்றினாள்.

சிரிஞ்சில் சீனித் தண்ணீர். மகளின் நாக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ரெண்டு நிமிஷம். அதுவரை யாரும் மிண்டக் கூடாது; அதாவது வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரரின் போன் அடித்தது. பிடுங்கி அழுக்குத்துணி வாளியில் போட்டார். அது வாளிக்குள் பாடியது.

டாக்டர் வந்தார். "சிஸ்டரே, எனக்கு வேற வேலை உண்டு."

"குட்டிக்கும் உண்டு. நில்லுங்க டாக்டரே."

டாக்டர் நின்றார்.

பிறகுதான் சிஸ்டர் குதிகாலில் குத்தினார். மகள் முகத்தைச் சுளித்தாள். ஒரு சிணுங்கல். உடனே சப்புக் கொட்டினாள். அவ்வளவுதான்.

செல்வி பையைப் பிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஒரு கிலோ சீனி வாங்கிப் போனேன். ஆஸ்பத்திரியில் தீர்ந்துவிடுமோ என்ற பயம்.

"இது எதுக்கு? நான் சாயாக்கடை தொறக்கணுமா?"

"பிள்ளைக்கு, சிஸ்டர்."

"குட்டிக்கு உள்ளது அளந்து கலக்கினது. வீட்டுல நீங்களா கலக்கிக் கொடுத்தா உங்க குதிகால்ல நான் குத்துவேன். சீனி இல்லாம."

அன்று வார்டு முழுக்க என் சீனியில் சாயா. டாக்டருக்கும்.

ஐந்தாம் நாள் டாக்டர் சொன்னார், நாளை ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும், இறங்கியிருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று. செல்வி சிஸ்டரிடம் கேட்டாள்.

"நாளைக்கும் நீங்கதானே?"

"நாளைக்கு எனக்கு ஆஃப். மத்தவங்களும் நர்ஸுதான்."

செல்வி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காலை ஏழு மணிக்குச் சிஸ்டர் வந்தார். பட்டுச்சேலை. தலை நிறைய மல்லிகை. கையில் அதே சிரிஞ்சு.

"திருப்பூணித்துறையில ஒரு கல்யாணம். போற வழிதானே, அதான். மிண்டாதீங்க."

மஞ்சள் இறங்கியிருந்தது.

சிஸ்டர் வீடு இடக்கொச்சி. அங்கிருந்து திருப்பூணித்துறை ஒரு பக்கம், மட்டாஞ்சேரி வேறு பக்கம். இரண்டு ஊரிலும் நான் கம்பி கட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.