பதுவையில் பத்தாவது இடம்

“யூனியில படிச்ச பிள்ளைக்கு இத்தாலி றோட்டும் தெரியுமோ?” என்று கேட்டார் சூசை மாமா. ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருந்து கெவெலார் மாதா கோயிலுக்கு வருடாவருடம் பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிப்போகிறவர் அவர். முதல்முறையாகப் பதுவை அந்தோனியாரிடம் போவது என்று முடிவானபோது அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. முன்னால் நடந்து வழிகாட்ட ஏலாது என்றார். நான் கை தூக்கினேன்.

தெரியும் என்றேன். எனக்குத் தெரியாதது அப்போது உலகத்தில் அதிகம் இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். வரலாற்றில் பட்டம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என் அம்மா. மகள் படித்து முடித்தால் பதுவைக்கே வந்து கல்லறையைத் தொட்டு நன்றி சொல்கிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். பட்டம் வாங்கியவளும் நான், நேர்த்தியைத் தீர்க்க அழைத்துப் போகிறவளும் நான். (தலை கனக்காமல் என்ன செய்யும்?)

பழைய நகரின் பத்து முக்கிய இடங்களை நிமிடக் கணக்கோடு அட்டவணை போட்டேன். மணிக்கூட்டுக் கோபுரம், சந்தைச் சதுக்கம், பெரிய மரக்குதிரை நிற்கும் பழைய மண்டபம், இப்படி. அந்தோனியார் பத்தாவது. கதாநாயகன் கடைசியில் வருவதுதான் சிறப்பு என்று நினைத்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு உரிய நாள். நாற்பது பேரில் பாதிப்பேர், அம்மா உட்பட, கல்லறையைத் தொடும்வரை ஒன்றும் வாயில் வைப்பதில்லை என்று ஒருசந்தி பிடித்து வந்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. (நானும் கேட்கவில்லை.)

மரக்குதிரையைப் பற்றி நான் விரிவாகப் பேசி முடித்ததும் அடுத்த வீட்டு ரீட்டா அக்கா சொன்னார்: “குதிரை வடிவாத்தான் இருக்கு, பிள்ளை. அந்தோனியார் எங்க?”

“அவர் பத்தாவது, அக்கா.”

“இது எத்தினையாவது?”

“மூண்டு.”

ரீட்டா அக்கா குதிரையின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்து, அந்தக் காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குப் பிணம் அறுத்துக் காட்டிய மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். பட்டினி கிடக்கிறவர்களுக்கு அதைக் காட்டிய வழிகாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சிலைகள் சூழ்ந்த பெரிய மைதானத்துக்கு வந்தபோது மணி மூன்று. எங்கள் பஸ் அந்த மைதானத்தின் ஓரத்தில்தான் நின்றது. நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். மைதானத்தின் மூலையில் குவிமாடம் குவிமாடமாக ஒரு பேராலயம் தெரிந்தது. அந்தோனியார் கோயிலுக்கும் நிறையக் குவிமாடங்கள் என்று படித்திருந்தேன். போன் பையில் இருந்தது. வழியை மனப்பாடமாக வைத்திருப்பவள் போனைப் பார்த்து நடந்தால் சூசை மாமா என்ன நினைப்பார்?

“வந்திட்டம்,” என்றேன்.

உள்ளே ஆளே இல்லை. “பாத்தீங்களா, நேரம் பாத்துக் கூட்டி வந்திருக்கிறன்,” என்றேன். இடப்பக்கத்தில் ஒரு கல்லறை. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். பீலெஃபெல்டில் இருந்து கொண்டுவந்த மன்றாட்டுக் கடிதங்களையும் புகைப்படங்களையும் அடுக்கினார்கள். அம்மா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அந்தோனியார் கையில இருக்கிற குழந்தை யேசுவைக் காணேல்லையே. லீலிப் பூவும் இல்லை.”

“அதெல்லாம் பிற்காலத்தில சேர்த்தது, அம்மா.”

கல்லில் செதுக்கியிருந்த ஒரு மிருகத்தைச் சூசை மாமா ஊன்றுகோலால் காட்டினார். “இது என்ன, பிள்ளை?”

“அந்தோனியார் கழுதையை முழந்தாளிட வைச்ச புதுமை, மாமா.”

அவர் குனிந்து பார்த்தார். “கழுதைக்குக் கொம்பு இருக்கு.”

“இத்தாலிச் சிற்பிகளுக்குக் கற்பனை கூட,” என்றேன். (கல்லறையில் எழுத்தும் இருந்தது. லத்தீனில் நல்ல புள்ளி எடுத்தவளுக்கு அதை வாசிக்கத் தோன்றவில்லை.)

கடிதக் குவியலைப் பார்த்து ஒரு வயதான துறவி வந்தார். “அந்தோனியோ?” என்று கேட்டார். நான் பெருமையோடு தலையாட்டினேன். அவர் மிக இரக்கமாகச் சிரித்து, கல்லறையைக் காட்டி, “லூக்கா,” என்றார். பிறகு வாசலுக்கு வெளியே, தூரத்தில், கையை நீட்டினார்.

நற்செய்தி எழுதிய லூக்கா. கொம்பு வைத்த மிருகம் அவருடைய அடையாளமான காளை. பட்டினியாக நின்ற கூட்டத்துக்கு அதை நான் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. இருபது நிமிடம்தான் மிச்சம். கோபப்படுவார்கள் என்று பார்த்தேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகினார்.

“கடிதங்களை எடுங்கோ. ஓடுவம்.”

“நாலு மணிக்குச் சாரதி எடுத்திடுவான், அம்மா. அவன் ஜெர்மன்காரன்.”

“அவனை நான் பாக்கிறன்,” என்றார் சூசை மாமா.

பட்டுச்சேலைகள் பதுவைத் தெருவில் ஓடின. சைக்கிள்காரர்கள் நின்று வழிவிட்டார்கள். சரியான கோயிலில் சரியான அளவுக்குக் கூட்டமும் இருந்தது. வரிசை வளைந்து வளைந்து நகர்ந்தது. நான்கு மணி அடித்தது எங்களுக்கும் கேட்டது. கடைசியில் அம்மா கல்லறையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

“அந்தோனியாரே, பிள்ளை படிச்சு முடிச்சிட்டாள். நன்றி. வழிதான் தெரியாது. அதையும் பாத்துக்கொள்ளும்.”

பக்கத்தில் நின்ற நான் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்து மூக்கால் வந்தது.

நாலரைக்குத் திரும்பி வந்தால் பஸ் நின்றது. சூசை மாமா வாசற்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அவர் எழும்பாமல் கதவு மூடாது,” என்று சாரதி அலுத்துக்கொண்டான். எங்களைக் கண்டதும் மாமா சாதாரணமாக எழும்பி ஏறிவிட்டார்.

ரீட்டா அக்காவின் கடிதம் மட்டும் அவசரத்தில் லூக்காவிடமே தங்கிவிட்டது. மகளுக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி இடம், கேட்டு எழுதியது. அடுத்த மாதமே அவளுக்கு இடம் கிடைத்தது, அதுவும் மருத்துவமனையில். லூக்கா மருத்துவர் என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து வீட்டில் யார் எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாலும், “பிள்ளையிட்டக் குடுங்கோ, பிழையான இடத்தில சரியாக் குடுப்பாள்,” என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வழிகாட்டும் வேலையை மட்டும் விடவில்லை.

அடுத்த பயணம் அசிசிக்கு. பஸ் பேசியாகிவிட்டது. போன மாதம் நான் மட்டும் தனியாக ரயிலேறிப் போய், எதிரே வந்த எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு, பஸ் தரிப்பிடத்தில் இருந்து நடந்து பார்த்தேன். அங்கே கோயில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. புனித பிரான்சிஸ்குவின் கல்லறை அதற்கும் கீழே. இறங்கி, பெயரை வாசித்துவிட்டுத்தான் வந்தேன்.