பன்னிரண்டு நிறங்களில் ஒரு படிக்கட்டு

என் வாழ்நாளில் ஒரே ஒரு ரகசியத்தைத்தான் வெளியே விட்டிருக்கிறேன். அதுவும் என்னுடையது இல்லை. பதினான்கு பேர் முன்னால், புரொஜெக்டர் போட்டு, பன்னிரண்டு நிறங்களில், பின்னணி இசையோடு விட்டேன். (எதையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. செவிலிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கூட்டங்களில் திரையில் காட்டுகிற ஸ்லைடுகளைத் தயாரிக்கும் மென்பொருள் எங்களுடையது. மொத்தம் நான்கு பேர். முதலாளி பிரபு சார் கோயம்புத்தூர்க்காரர். அவர் மனைவிக்கு ஏனாத்தூரில் பேராசிரியர் வேலை கிடைத்ததால், கம்பெனியையும் மூட்டை முடிச்சோடு காஞ்சிபுரத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேர் புரோகிராம் எழுதினார்கள். நான்காவது ஆளான எனக்கு 'கம்யூனிட்டி மேனேஜர்' என்று பெயர். உள்ளூர்ப் பெண், ஊரின் போக்கு தெரிந்தவள் என்பதற்காகவே என்னை எடுத்தார்கள் என்பதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பட்டு நெசவாளி. எங்கள் வீட்டில் இரண்டு தறி. வேலையில் சேர்ந்த அன்று என் பதவி என்னவென்று கேட்டார்.

"எங்க சாஃப்ட்வேரை யூஸ் பண்றவங்களை எல்லாம் ஒண்ணா சேர்த்து, ஒருத்தரோட ஒருத்தர் பேச வைக்கணும்பா."

"ஏன், அவங்க பேச மாட்டேன்றாங்களா?"

"பேசறாங்கப்பா. மனசு விட்டுப் பேசணும். தனக்குத் தெரிஞ்சதை மத்தவங்களுக்குக் காட்டணும்."

அப்பா கையிலிருந்த தறி நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேத்து வெக்கறேன்னு போயி சண்டை மூட்டி வுட்டுறாதம்மா" என்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நான் பரிதாபப்பட்டேன்.

எங்கள் மென்பொருளைத் தினமும் திறந்து, மணிக்கணக்கில் பயன்படுத்தியவர்கள் பெரிய நிறுவனங்கள் இல்லை. காஞ்சிபுரத்தில் புடவைக்கு டிசைன் வரைகிறவர்கள்தான். ஸ்லைடின் நிறத்தை ஒரே தொடுதலில் மாற்றும் வசதி எங்களிடம் இருந்தது. ஸ்லைடில் புடவையை வரைந்து வைத்தால், அரக்கில் பச்சை பார்டர், மாம்பழ நிறத்தில் ஊதா பார்டர் என்று நொடியில் மாற்றிப் பார்க்கலாம். முன்பெல்லாம் இதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தாள் வரைய வேண்டும். பிரபு சார் இந்த ரகசியம் தெரியாமல், "என்னங்க இது, யார் ஸ்லைடுலயும் ஒரு எழுத்துகூட இல்லீங்களே" என்று மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருந்தார்.

இந்த உபயோகத்தைக் கண்டுபிடித்தவர் சுமதி அக்கா. பிள்ளையார்பாளையத்தில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். பதினைந்து வருடம் அடுத்தவர்களுடைய பழைய புடவைகளைப் பார்த்து அப்படியே வரைந்து கொடுத்து வந்தவர். அந்த வருடம்தான் முதன்முறையாகத் தானே ஒரு டிசைன் போட்டிருந்தார். ஏகாம்பரம் என்கிற பெரிய மாஸ்டர், அதாவது பல தறிகளுக்குப் பாவு நூலும் சரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறவர், தை மாத முகூர்த்தங்களுக்காக அதை எடுத்துக்கொண்டிருந்தார். புடவை கடைக்கு வரும் வரை வேறு ஒரு கண்ணும் அதைப் பார்க்காது என்று சுமதி அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறினால் "டிசைனை ரெண்டு இடத்துல வித்தவ" என்று பெயராகிவிடும். அந்தப் பெயர் எடுத்தவருக்கு இந்த ஊரில் அடுத்த வேலை கிடைக்காது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வாக்கைப் பற்றித்தான் தெரியாதே தவிர, வழக்கம் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும் தறியை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். தறிக்கு ஒரு சட்டம், லேப்டாப்புக்கு வேறொரு சட்டம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். படித்த கொழுப்பு. வேறென்ன சொல்ல?

பயனர்கள் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்று பிரபு சார் சொன்னதும், அமாவாசையன்று காலையில் வைக்கலாம் என்றேன். அன்றைக்குத் தறி ஓடாது, எல்லாரும் சும்மா இருப்பார்கள். என் உள்ளூர் ஞானத்தை அவர் மெச்சினார். சமோசாவுக்குச் சொன்னேன். அமாவாசையன்று மதியம் படையல் முடியும் வரை பலரும் வாயில் எதுவும் போட மாட்டார்கள் என்பது சமோசா வந்து இறங்கிய பிறகு ஞாபகம் வந்தது. (நானும் பிரபு சாரும் அடுத்த இரண்டு நாள் சமோசாதான் சாப்பிட்டோம்.)

வட்டமாக உட்கார்ந்தால் மனம் திறக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். வந்த பதினான்கு பேரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் இல்லை. எல்லார் மடியிலும் போன் கவிழ்ந்து கிடந்தது. கூச்சம் என்று நினைத்தேன்.

"எல்லாரும் உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஸ்லைடைக் காட்டுங்க. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் கத்துக்கலாம்" என்று அறிவித்தேன்.

எல்லாரும் மடியிலிருந்த போனை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, ஒரு பிள்ளையார் படத்தைக் காட்டினார். அடுத்தவர் காமாட்சி அம்மனைக் காட்டினார். மூன்றாமவர் முருகன். நான்காமவரும் முருகன், மயில் மட்டும் வேறு பக்கம் பார்த்தது. டிசைனர் ஒருவர், ரஃபி பாய், தன் பேத்தியின் பிறந்தநாள் கேக்கைக் காட்டினார். ஒவ்வொரு சாமிக்கும் எழுந்து நின்று கும்பிட்ட பிரபு சார், ஆறாவது சாமிக்குப் பிறகு என் காதில், "ரொம்ப பக்தியான கம்யூனிட்டிங்க" என்றார்.

என் முதல் கூட்டம் இப்படியா ஆக வேண்டும்? எனக்கு அழுகையே வந்தது. ஆனால் கைவசம் ஒரு பரிசு வைத்திருந்தேன். 'இந்த மாதத்தின் சிறந்த ஸ்லைடு'. யார் எந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காக எல்லாருடைய கணக்கையும் திறக்கும் அனுமதி எனக்கு இருந்தது. அதில் பார்த்து, மயங்கி, நானே தேர்ந்தெடுத்தது.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்றார் பிரபு சார். காஞ்சிபுரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் கேட்ட கேள்வி இது.

"சர்ப்ரைஸ் சார்" என்றேன், ஊரின் போக்கு தெரிந்த நான்.

சுவரில் சுமதி அக்காவின் டிசைன் விரிந்தது. கோயில் குளத்தின் படிக்கட்டு பார்டராக ஓடியது. கீழ்ப்படிகளில் தண்ணீர் ஏறியிருந்தது. மேல்படி ஒன்றில் ஒற்றைக் கொக்கு. யாளி, அன்னம், தாழம்பூ ரேக்கு எல்லாம் பார்த்துப் பழகிய கண்களுக்கு அப்படி ஒரு பார்டர் புதிது. அடுத்த நொடி, கவிழ்ந்து கிடந்த போன்கள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன.

எனக்குப் புல்லரித்தது. இதுதான் கம்யூனிட்டி என்று நினைத்தேன். "சுமதி அக்காவுக்கு எல்லாரும் கை தட்டுங்க!" என்று கத்தினேன். யாரும் தட்டவில்லை. கை காலியாக இருந்தால்தானே?

சுமதி அக்கா ஓடி வந்து சுவருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் நின்றார். இரண்டு கைகளையும் விரித்து மறைத்தார். படிக்கட்டு அவர் முகத்திலும் கழுத்திலும் விழுந்தது.

"அமத்துமா. மொதல்ல அத்த அமத்து."

நான் பதறி ஒரு பொத்தானை அழுத்தினேன். எங்கள் மென்பொருளில் நான் பெருமையாக விளம்பரம் செய்த 'தானாக நகரும்' வசதி அது. மென்மையான வீணை இசையோடு அரக்கு நிறப் படிக்கட்டு போய்ப் பச்சை வந்தது. பச்சை போய் நீலம். நான் எதையெதையோ அழுத்த, ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேகம்தான் கூடியது. ஆறாவது நிறத்தில் சுமதி அக்கா கைகளை இறக்கிவிட்டார். பன்னிரண்டாவது நிறம் முடிந்து, 'நன்றி, வணக்கம்' என்று தானாக வந்து நின்றது. பிரபு சார் பிளக்கைப் பிடுங்கியது அதற்குப் பிறகு.

"பாவு ஏத்தியாச்சும்மா" என்றார் சுமதி அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "டிசைனுக்கு அட்டை அடிச்சி, தறியில ஓடிக்கினு இருக்குது. நான் என்னான்னு போயி சொல்லுவேன்?"

பதினைந்து வருடம் காத்திருந்து அவர் பெற்றதை ஒன்றரை நிமிடத்தில் அழித்திருந்தேன்.

மறுநாள் காலை நானும் பிரபு சாரும் சுமதி அக்காவோடு ஏகாம்பரம் மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். நடந்ததை நானே சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"நீ விக்கலைன்னு எனக்குத் தெரியும் சுமதி. ஊருக்குத் தெரியணுமே. நாளைக்கே இன்னொருத்தன் தறியில அது ஓடுச்சின்னா, ஊரு உன்னத்தான சொல்லும்?"

"நான்தான் காட்டினேன்னு நான் சொல்றேங்க" என்றேன்.

"யாருகிட்ட சொல்லுவ?"

"பார்த்தவங்க எல்லார்கிட்டயும்."

அப்படித்தான் பதிமூன்று வீடுகளுக்குப் போனேன். பிரபு சார் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் நான். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்து, காபி கொடுத்து, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அந்த டிசைனைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்றார்கள். ஒருவர் அப்போது கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். இன்னொருவர் கண்ணாடி போட்டு வரவில்லையாம். "அந்தப் புள்ளையார் நல்லா இருந்தாரும்மா" என்றார் மற்றொருவர். ரஃபி பாய் மட்டும் என் கண்ணெதிரே போனைத் திறந்து படத்தை அழித்தார். "கண்ணு பாத்துட்டுதும்மா, அத்த என்னா பண்றது? ஆனா என் கையி வரையாது" என்றார். பதிமூன்று காபியில் எனக்கு உள்ளே இறங்கியது அந்த ஒன்றுதான்.

ஐந்தாவது வாரம், காந்தி ரோட்டில் ஒரு கடை வாசலில் அந்தப் படிக்கட்டு தொங்கியது. படிகள் குறுகியிருந்தன. கொக்கு மயிலாகியிருந்தது. மாஸ்டர் தறியிலிருந்த டிசைனை நிறுத்திவிட்டார். ஆடியிலிருந்து கார்த்திகை வரை சுமதி அக்காவுக்கு யாரும் புது வேலை கொடுக்கவில்லை. அந்த நான்கைந்து மாதங்களில் பிள்ளையார்பாளையம் வழியாகப் போகும் தைரியம் எனக்கு இல்லை. சுற்றிக்கொண்டு போவேன்.

ஆனால் நான் குடித்த காபிகள் வீண் போகவில்லை. பதிமூன்று வீட்டிலும் சொன்னது ஊர் முழுக்கப் பரவி, டிசைனை வெளியே விட்டது 'அந்தக் கம்பெனிப் பொண்ணு' என்று நிலைத்துவிட்டது. மார்கழியில் மாஸ்டர் சுமதி அக்காவை மறுபடி கூப்பிட்டார். அவர் பெயர் கழுவப்பட்டது. அந்தத் தண்ணீர் மொத்தமும் என் தலையில் ஊற்றப்பட்டது. அப்பாவுக்குப் பாவு கொடுக்கிற மாஸ்டர், "பொண்ணு நல்ல பொண்ணுதான்பா. இருந்தாலும் தறிமேல ஒரு போர்வையப் போட்டு வையி" என்று சொல்லி அனுப்பினார். என் வீட்டில், என் அப்பா தறியை, எனக்காக மூடி வைத்தார்கள். (கோலம் போட்ட நீலப் போர்வை. என்னுடையதுதான்.)

கம்பெனியில் முதல் வேலையாக, பயனர்களின் ஸ்லைடுகளை நாங்களே திறக்க முடியாதபடி பூட்டு வைத்தோம். சுமதி அக்கா அதற்குப் பிறகும் பல மாதம் தாளில்தான் வரைந்தார். எதிரில் பார்த்தால் தலையசைப்பார். பேச மாட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூரைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. நெசவுக்காரர் வீட்டுப் பெண் என்பதால் அப்பாவே நெய்யட்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா என்னிடம் சொல்லாமல் போய்ச் சுமதி அக்காவிடம் டிசைன் கேட்டிருக்கிறார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: கட்டிக்கொள்கிறவளுக்கு மட்டும் காட்டக் கூடாது.

எங்கள் வீட்டில் வேறு எந்த நிபந்தனையையும் இவ்வளவு ஆனந்தமாக யாரும் கடைப்பிடித்ததில்லை. அம்மா பார்த்தார், தம்பி பார்த்தான், பால்காரர்கூடப் பார்த்தார். மாப்பிள்ளையிடம் போனில் நிறமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்க அப்பா சத்தியம் வாங்கினு இருக்காரு" என்றார்.

முகூர்த்தத்தன்று, தட்டில் வைத்துக் கொடுத்த புடவையை மணமகள் அறையில்தான் முதன்முதலாகப் பிரித்தேன். அரக்கு நிறம். பார்டர் முழுக்கச் சின்னச் சின்னக் கிளிகள். வழக்கமாகக் கிளியின் அலகில் ஒரு பூங்கொத்து இருக்கும், அலகு திறந்திருக்கும். இதில் நூற்றுக்கணக்கான கிளிகளும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தன. அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்றைக்கும் நாலு பேர் நடுவில் நான் எதையாவது சொல்ல வாயெடுத்தால், என் கணவர் கூரையைப் பார்த்தபடி, "கிளி" என்பார். என் மாமியாரும் சொல்கிறார். பக்கத்து வீட்டில்கூடப் பரவிவிட்டது.

எனக்கு அன்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தாலி கட்டி முடிந்ததும் சுமதி அக்கா மேடைக்கு வந்தார். அந்த அமாவாசைக்குப் பிறகு அவர் என்னிடம் வாய் திறந்தது அப்போதுதான்.

"கிளியப் பாத்தியா?"

"பார்த்தேன்க்கா."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா. என்னை மன்னிச்சிருங்க."

அவர் குனிந்து, மடிந்திருந்த என் முந்தானையை இழுத்து, பார்டர் முழுசாகத் தெரியும்படி விரித்துவிட்டார். கேமராக்காரரைக் கிட்டே வரச் சொன்னார்.

"நேரா நில்லு" என்றார். "ஊரே பாக்கட்டும்."