செத்த பிறகும் பால் வெட்டிய ஐயாவு

சுங்காய்,
அட்சய வருஷம், ஆவணி மாதம் 20

மகாராஜராஜஸ்ரீ பெரிய மச்சான் உடையப்பன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தம்பி ஐயாவுக்குத் தங்கச்சியைக் கொடுத்த மாயாண்டி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. அவ்விடத்தில் தாங்களும் அக்காளும் ஆடு மாடுகளும் சுகமாயிருக்க முனியாண்டி துணையிருப்பாராக. இவ்விடத்துச் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

தங்கள் தந்தி கிடைத்தது. ஐயாவு மச்சான் கருமாதி முடிந்த கையோடு என் தங்கச்சி வீரம்மாளையும் மூன்று பிள்ளைகளையும் பினாங்கில் கப்பலேற்றிவிடச் சொல்லியிருக்கிறீர்கள். உத்தரவுப்படியே செய்கிறேன். டிக்கெட்டும் வாங்கியாச்சு. இன்றைக்குப் பதிமூன்றாம் நாள். தாலி அறுத்தவள் பதினாறு நாள் வாசப்படி தாண்டக்கூடாதில்லையா, அதனால் வீரம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறாள். என் பெஞ்சாதி ராக்காயி சாயங்காலம் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறாள்.

ஊரில் இருந்தவரை ஐயாவு மச்சான் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டவரில்லை என்று தாங்கள் சொல்வதாகக் கேள்வி. அந்த ஐயாவு கடலில் எங்கேயோ விழுந்துவிட்டார் போல. இங்கே வந்து இறங்கினது வேறே ஆள். இந்தத் தோட்டத்தில் ஆளுக்கு முந்நூறு ரப்பர் மரம், அது ஒரு நெரை. எங்களுக்கெல்லாம் அதை வெட்டி முடிக்கவே நாக்குத் தள்ளும். அவர் தன் நெரையையும் முடித்து, காய்ச்சலில் படுத்தவன் நெரையையும் வெட்டிவிட்டு, "ஓன் மரமெல்லாம் நேத்து என்னைத் தேடிக்கிட்டு வந்துச்சுலா, பாவமா இருந்துச்சு"ன்னு சொல்வார். ஒரு தடவை ஈப்போவுக்குப் போய் வீரம்மாவுக்குச் சீலை எடுத்தவர், அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடியிலிருந்து எங்கள் லயத்து வீடு வரைக்கும் நடந்தே வந்தார். வழியில் பார்த்தவரையெல்லாம் நிறுத்தி, எனக்கு எடுப்பா இருக்கான்னு கேட்டார். கங்காணியையும் கேட்டார். வீரம்மா ரெண்டு நாள் வெளியே தலை காட்டல.

அவர் நெரையில் முப்பதாவது மரத்துக்கு மாயாண்டின்னு பேரு வச்சிருந்தார். ஏன்னா எவ்வளவு வெட்டினாலும் மரத்துல கட்டின மங்குக் கிண்ணத்துல அரைவாசிதான் பால் வடியும், அதுக்குமேல ஒரு சொட்டு வராது. எட்டு வருஷமா தினம் விடியக்காலம் பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சதும், "மாயாண்டி நேத்தும் அரை மங்குதான்"னு எல்லார் முன்னாடியும் சொல்வார். தோட்டமே சிரிக்கும். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். இப்ப அதைச் சொல்ல ஆளில்லாம பெரட்டுக்குப் போகவே பிடிக்கல பெரிய மச்சான்.

இனிமேல் எழுதப்போறதைத் தாங்கள் நம்பணும், நான் கள்ளு குடிச்சிட்டு எழுதல. மச்சானை அடக்கம் பண்ணின மறுநாள், அவர் நெரையைக் கருமாதி வரைக்கும் வேற ஆளுக்குக் கொடுக்க வேணாம்னு கணக்கு எழுதுற கிராணியைக் கெஞ்சினோம். நெரை போனா லயத்து வீடும் போயிடும்ல. ஆளுக்கு இருபது மரம் பகிர்ந்து வெட்டுறதா பேச்சு. என் பங்கு இருபதை முடிக்க ஓடினா, அதெல்லாம் வெட்டியாச்சு, மங்குல பால் வடிஞ்சுக்கிட்டிருக்கு. யாரோ நல்ல மனுசன் வெட்டிட்டான்னு நெனச்சேன். மத்தவங்களும் அதேதான் நெனச்சாங்களாம். மூணாம் நாள்தான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டோம். யாருமே வெட்டல. ஆனா பால் வாளி தினமும் ஸ்டோர் வாசல்ல நிறைஞ்சு நிக்குது. வெட்டின பட்டையை எடுத்துப் பாத்தேன்; வெத்தலைக் காம்பு மாதிரி மெல்லிசு. அந்தக் கை ஐயாவு மச்சான் கை, வேற யாருக்கும் வராது. பட்டையைப் போட்டுட்டு லயத்துக்கு ஓடியாந்துட்டேன்.

அன்னைக்கிலிருந்து அந்தப் பக்கம் ஒருத்தரும் போறதில்ல. நேத்து மட்டும் மனசைக் கல்லாக்கிக்கிட்டு முப்பதாவது மரத்தைப் போய்ப் பாத்தேன். மங்கு நிறைய பால், பெரிய மச்சான். விளிம்புல தளும்புது. கையெடுத்துக் கும்பிட்டேன். உசிரோட இருந்தப்போ பெண்டு பிள்ளைக்காக மாடா உழைச்சவர், செத்தும் வேலையை விடமாட்டேங்கிறார். இப்படி ஒரு மனுசனுக்கு மச்சானா இருக்க நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ. ஆனா அவருக்கு ஓய்வு வேணாமா? பெண்டாட்டி பிள்ளைக இங்க இருக்கிறவரைக்கும் அவர் கத்தியைக் கீழ வைக்கமாட்டார். அதனால தங்கள் உத்தரவுதான் சரி. அவங்களைக் கப்பலேத்திடறேன். தாங்கள் ராமேசுவரத்துல ஒரு முழுக்குப் போட்டு, "தம்பி, போதும்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

அக்காளுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நோய் நொடியில்லாம, வயிறு குளிர இருக்கணும்.

இப்படிக்கு,
தங்கள் பாதம் பணியும்
மாயாண்டி

பின்குறிப்பு: மேலே கண்டது அத்தனையையும் அடித்துவிட்டுப் படிக்கவும். காயிதத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம்னு இன்னைக்கு வெள்ளன சூடமும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கிட்டுப் போய், மாயாண்டி மரத்துக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். மச்சானோட காக்கிச் சட்டை, மச்சானோட தலைத்துண்டு, கையில கத்தி, வந்துச்சு. நான் நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டேன். "அண்ணே, எந்திரி. ஈரத்துல வேட்டி பாழாகுது"ன்னு சத்தம். பாத்தா வீரம்மா.

நாங்கள்லாம் பெரட்டுல நிக்கிற நேரத்துல கிளம்பி வந்திருக்கா, இத்தனை நாளும். வாசப்படி தாண்டலாமாடின்னு கேட்டேன். "இந்த நெரை வேற கைக்குப் போயிட்டா அப்புறம் தாண்ட வாசப்படியே இருக்காது அண்ணே. எட்டு வருசம் வாளியைத் தூக்கிக்கிட்டு அவுக பின்னாடி நடந்தவ நான், எனக்கு வெட்டத் தெரியாதா? ஊருக்குப் போறியான்னு நீயும் கேக்கல, பெரியவரும் கேக்கல. நான் போகல. அவுக இங்கதான் கெடக்காக"ன்னா. கிராணிகிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் பட்டையைப் பாத்தார், வாளியைப் பாத்தார், பேரேட்டுல ஐயாவு பேரிருந்த இடத்துல வீரம்மான்னு எழுதிட்டார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போறேன். தாங்கள் ராமேசுவரம் போக வேண்டாம்.

இன்னொண்ணு. மச்சான் கைக்கே மசியாத மாயாண்டி மரம் ஓனக்கு மட்டும் எப்படி ஒரு மங்கு கொடுக்குதுன்னு கேட்டேன். "அது எப்பவும் கொடுக்கிற மரந்தான். அவுகதான் வேணும்னே அதை மட்டும் மேலாப்புல கீறிவிடுவாக, ஒன்னைக் கேலி பண்ண"ன்னா. எட்டு வருசம், பெரிய மச்சான். அந்த மரத்தடியில நின்னு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அழுதேன்னு வீரம்மா சொல்லிக்கிட்டுத் திரியுறா, நம்பாதீங்க.