எனக்குக் குட்டி கிடையாதாம்!

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் உன் அண்ணி மட்டும் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளை, பிள்ளைகள், உங்கள் லேப்ரடார் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அந்த லேப்ரடாரை உனக்குக் கொடுத்த நர்சம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடப்பது உனக்குத் தெரியும். உன் அண்ணி குக்கரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அதுவும் பதிலுக்கு விசில் அடித்ததால் பேச்சு நாளுக்கு நாள் நீண்டது. பார்க்கச் சகிக்காமல்தான் ஒரு நாய்க்குட்டி வாங்கலாம் என்றேன். பெட்ரோல் பங்க் பக்கத்தில் கார் டிக்கியில் குட்டிகளை வைத்து விற்கிறாரே, அவரிடம் வாங்கியிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். எவ்வளவு தங்கமான மனிதர்! என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான்தான் நீ சொல்லிக் கொடுத்தபடி, "தாய் நாயைப் பாக்கலாமா?" என்றேன். "அது ஊருக்குப் போயிருக்கு சார்" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நீதான் போனில் கத்தினாய்: "ஐயோ அண்ணா, பொறுப்பா வளக்கிறவங்ககிட்டதான் வாங்கணும். எங்க நர்சம்மாகிட்டப் போ!" உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

போனதும் கையைக் கழுவச் சொன்னார். கழுவினேன். "சோப்பு போட்டு" என்றார். இந்த ஜாதிக்கு இடுப்பு எலும்புக் கோளாறு வருமாம்; தாய் நாய்க்கு அது இல்லை என்று காட்ட அதன் இடுப்பு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இடுப்பு எவ்வளவு அம்சமா இருக்கு பாத்தீங்களா?" என்றார். என் இடுப்பை யாரும் இப்படிப் பெருமையாகக் காட்டியதில்லை. சரி, எனக்கு ஒரு குட்டி கொடுங்கள் என்றேன். அங்கே ஆரம்பித்தது விசாரணை.

"பகல்ல வீட்ல யாரு இருப்பா?"

"யாரும் இல்லீங்க. நான் என் கண்ணாடிக் கடைக்குப் போயிருவேன், இவ ஆபீசுக்கு."

"அப்ப குட்டி?"

"டிவி போட்டுட்டுப் போவோம்."

நீயே சொல், இதில் என்ன தப்பு? அந்தம்மா மூச்சை இழுத்து விட்டு, "ஞாயித்துக்கிழமை நாய்க் கண்காட்சிக்கு வாங்க. வளந்தா எப்படி இருக்கும்னு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அதற்கும் போனேன். தாய் நாய் குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற காலம் என்று அதன் அக்காவைக் கூட்டி வந்திருந்தார். மைதானத்தில் தன் தலையை மாதக்கணக்கில் வாராத ஒருவர் தன் நாய்க்கு உட்கார்ந்து வாரிக்கொண்டிருந்தார். நடுவர் ஒவ்வொரு நாயின் வாயையும் திறந்து பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், ஓடவிட்டுப் பார்த்தார். நம்ம முறை வந்ததும் நர்சம்மாவுக்குக் கால் பிசகிக்கொண்டது. கயிற்றை என் கையில் திணித்து, "பிடிங்க, ஓடுங்க!" என்றார். ஓடினேன்மா! நாய் தலையை நிமிர்த்தி மிதக்கிற மாதிரி போகுது, நான் மூக்குக்கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு செருப்பைப் பறிகொடுத்துட்டு, இழுத்த இழுப்புக்குப் போறேன். நடுவர் கை காட்டியதும் நாய் நின்றது. நான் நிற்கவில்லை. கயிறுதான் நிறுத்தியது. நாய்க்கு முதல் பரிசு. "நாய்க்கு நல்ல பயிற்சி குடுத்திருக்காங்க. உங்களுக்கும் யாராவது குடுக்கலாம்" என்றார் நடுவர். உன் அண்ணி கைதட்டினாள். பரிசுக்கா, நடுவர் பேச்சுக்கா என்று இன்னும் கேட்கவில்லை.

இவ்வளவு ஓடியவனிடம் அந்தம்மா நொண்டிக்கொண்டே வந்து சொன்னது என்ன தெரியுமா? "உங்களுக்குக் குட்டி கிடையாது. பகல் முழுக்கத் தனியாக் கிடந்து அழும். அத நெனச்சா எனக்குத் தூக்கம் வராது." எனக்கா? என் மாமனார் எனக்குப் பெண்ணைக் கொடுத்தபோது கேட்டதே ஒரு கேள்விதான், அதுவும் பஸ் எத்தனை மணிக்கு என்று! அந்த மனிதர் வைத்த நம்பிக்கையில் பாதிகூட ஒரு நர்சுக்கு என் மேல் இல்லையா? சரி, கட்டிய மனைவியாவது பரிந்து பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தால், "அவங்க சொல்றது சரிதானே? பகல்ல தனியா விட்டா நீங்களே அழுவீங்க" என்கிறாள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அந்தம்மா பேச்சை இனி என்னிடம் எடுக்காதே. நாய் என்ற சொல்லே என் காதில் விழக்கூடாது. மானமுள்ளவன் நான். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நாய் வளர்க்க லாயக்கில்லை என்று தள்ளிவைக்கப்பட்ட
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நர்சம்மா கடைக்கே வந்துவிட்டார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார், பின்வாசல் எங்கே போகிறது என்று கேட்டார். அவரோடு ஒரு நாய், குட்டியல்ல, வளர்ந்தது. வாங்கிப்போன குடும்பம் வெளிநாடு கிளம்பியதால் இவரே திரும்ப வாங்கிக்கொண்டாராம். "நடுவர் தொட்டாலே மல்லாந்து படுத்துக்கும், கண்காட்சிக்கு ஆகாது. பகல்ல உங்க காலடியிலேயே கிடக்கும். ஒத்து வரலைன்னா எங்கிட்டயேதான் குடுக்கணும், வேற யாருக்கும் குடுத்திரக் கூடாது" என்றார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அது என் காலில் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. எழுந்தால் விழித்துக்கொள்ளுமே என்று இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். முக்கியமான விஷயம்: நான் எப்படிப்பட்டவன் என்று நர்சம்மா உனக்குப் போன் செய்து விசாரிப்பாராம். சின்ன வயசிலிருந்தே அண்ணனுக்குக் கோபமே வராது என்று சொல்லிவிடு.