தூங்குமூஞ்சிக் கணினியும் பெண் வீட்டாரும்

மெதுவாக வேலை செய்கிற எதையும் விரட்டினால் அது வேகமாகிவிடும் என்று நம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது தெரியவருவதற்குள் என் கல்யாணமே குழம்பப் பார்த்தது.

அப்போது வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷனில் எனக்கு வேலை. (வெளிநாட்டுப் பிள்ளைகளோடு போனில் கதைக்கச் சனம் வரிசையில் நின்ற காலம்.) முதலாளி கடை மூலையில் ஒரு கணினியையும் வைத்து, 'கணினியில் சாதகப் பொருத்தம்' என்று பலகை மாட்டியிருந்தார். அதற்குப் பொறுப்பு நான். என் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தேன். வருகிறவர்கள் அதைக் கவனிக்காவிட்டால் கதிரையில் ஏறி நின்று தூசி தட்டுவேன்.

அந்தக் கணினிக்கு ஒரு வியாதி. கரண்ட் பில்லுக்குப் பயந்த முதலாளி, கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது தானாகவே தூங்கும்படி யாரையோ கொண்டு செய்வித்திருந்தார். தூங்கியதை எழுப்புவது பெரும்பாடு. திரையில் வெளிச்சம் உடனே வந்துவிடும். ஆனால் உள்ளே ஹாட் டிஸ்க் சுழலத் தொடங்கும்வரை எதுவும் அசையாது. முதலில் 'விர்ர்' என்று ஒரு முனகல், பிறகு 'டிக், டிக், டிக்'. அதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடித்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண் பெயர் தயாளினி. நெடுங்கேணியில் இருந்து இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்திருந்த குடும்பம். "என்ர மகன் கொம்பியூட்டரில சாதகக் குறிப்புப் பொருத்துறவர். கண்மூடித் திறக்கிறதுக்குள்ள சொல்லிப்போடும்" என்று அம்மா அங்கே போய் அளந்துவிட்டார். அப்படியென்றால் கடைக்கே வந்து பார்ப்போம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பொருத்தமும் பார்க்கலாம், மாப்பிள்ளையையும் பார்க்கலாம். தயாளினியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இது தப்பினால் நான் செத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகவே கணினியின் தாமதத்தை ஒழித்துக்கட்ட முடிவு செய்தேன். அவர்கள் வருகிற அன்று காலை உள்ளே கிளறியபோது, ஹாட் டிஸ்க்குக்கு நேரே 'அரை மணித்தியாலம்' என்று இருந்தது. எழும்புவதற்கு இவ்வளவு நேரம் கொடுத்தால் அது ஏன் அவசரப்படப் போகிறது? இருந்ததிலேயே சிறியதான மூன்று நிமிடத்துக்கு மாற்றினேன். (அது எழும்புகிற நேரமல்ல, தூங்கப்போகும் முன் பொறுத்திருக்கிற நேரம் என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்த அன்று நான் போகாமலும் இருந்திருக்கலாம்.)

மாலையில் தாய், தகப்பன், பின்னால் தயாளினி.

முதலில் சிவநேசன் என்ற என் பெயரில் தொடங்கி, என் விபரங்களை டக்டக்கென்று பதிந்தேன். அந்த அளவில் தேநீர் வந்தது. "தம்பிக்கு எத்தினை சகோதரம்?" என்று தாய் கேட்க, அண்ணன்மார் அக்காமார் எல்லோருடைய பெருமையையும் சொல்லி முடித்துவிட்டு, பெண்ணின் பக்கத்தைத் திறக்க அழுத்தினேன். அசையவில்லை. விர்ர்... டிக், டிக், டிக்.

தாய் கோப்பையை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, பல்லி சொல்லுது."

"அது பல்லியில்லை அம்மா, ஹாட் டிஸ்க்" என்றேன்.

"எதெண்டாலும் தெற்குப் பக்கமிருந்துதானே சொல்லுது!" விரலை மடக்கி மேசையில் மூன்று தட்டுத் தட்டினார்.

"சும்மா இரும்" என்றார் தகப்பன். போன் வரிசையில் நின்ற ஒருவர், "தெற்கால சொன்னா அவ்வளவு நல்லமில்லைத்தான்" என்று தானாக வந்து கலந்துகொண்டார்.

பெண்ணின் பக்கம் திறந்தது. அந்தச் சாதக மென்பொருளிலும் ஒரு கெட்ட பழக்கம். புதிதாக எதையும் பதியும்வரை கடைசியாகப் பதிந்த விபரத்தையே, அதாவது என்னுடையதையே, காட்டிக்கொண்டிருக்கும். அதை அழிக்காமல், ஹாட் டிஸ்க் என்றால் என்ன என்று பெண் வீட்டாருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். பிரசங்கம் முடிய முன்னரே அது தூங்கிவிட்டது. எழுப்பினேன். அசையவில்லை. தாய் மறுபடியும் விரலை மடக்கத் தொடங்கினார். பதறிப்போய் என்டர் பொத்தானை அழுத்தினேன். பிறகு அழுத்தினேன். பிறகு குத்தினேன்.

டிக், டிக், டிக். விழித்துக்கொண்ட கணினி, நான் குத்தியதையெல்லாம் ஒன்றும் விடாமல் நிறைவேற்றியது: பதிந்தது, பொருத்தம் பார்த்தது, அச்சடிக்கவும் அனுப்பியது. பிரிண்டர் கிரீச்சிட்டுக் கடதாசியைத் தள்ளியது. நான் பறிக்கும் முன் தகப்பன் எடுத்து, கண்ணாடியை மாட்டி, உரக்க வாசித்தார்.

"மணமகன், சிவநேசன். மணமகள்..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். "சிவநேசன். பொருத்தம், அதி உத்தமம்."

போன் வரிசை முழுவதும் சிரித்தது. லண்டனோடு கதைத்துக்கொண்டிருந்தவர்கூட, "பொறு மகன்" என்று சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தார். எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது.

"அப்ப தம்பிக்கு எங்கட பிள்ளை தேவையில்லை" என்று தாய் எழும்பினார்.

அதுவரை வாயே திறக்காத தயாளினி, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இருங்கோ அம்மா. எவ்வளவு நாளைக்குப் பிறகு நான் இப்பிடிச் சிரிக்கிறன்! எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். குறிப்பைக் கையால் பார்க்கிற ஐயரிடம்தான் கொடுப்பது என்று தீர்ப்பாயிற்று. ஐயரும் சரி என்றுதான் சொன்னார்.

இன்றைக்கும் நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சீப்பால் தலை இழுத்தால், "பிள்ளையள், அப்பாவின்ர பொம்பிளை வந்திட்டா" என்று தயாளினி குசினியில் சமைத்தபடியே குரல் கொடுப்பாள். உடனே, இப்போது எங்களோடு இருக்கிற மாமி தன் அறைக் கதவில் தட்டுவார்: டிக், டிக், டிக்.

எங்கள் வீட்டில் அவர் கேட்டு வாங்கியது தெற்குப் பக்கத்து அறை.