திரும்பி வருவதற்கு அத்தாட்சி

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்றதுதாம்மா பிரச்சனை," என்றார் டிராவல்ஸ் தெய்வசிகாமணி. "சொந்த வீடு இல்ல, வேலை இல்ல, புருஷன் இல்ல. போனவ திரும்பி வருவாளான்னு விசா குடுக்கறவன் யோசிப்பான் இல்ல?"

செந்தமிழ்ச்செல்வி விசா மறுப்புக் கடிதத்தை மறுபடி படித்தாள். திரும்பி வருவதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லையாம். பாரிஸ் கருத்தரங்கிற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நாலு வருட ஆராய்ச்சியில் அவளுக்குக் கிடைத்த ஒரே மேடை அது. பருவநிலை நிதி என்று பணக்கார நாடுகள் தருவதில் பெரும்பகுதி கடன்தான், அதற்கும் அவர்கள் கேட்கிற அத்தாட்சிகளைச் சேர்ப்பதற்குள் கடல் வாசலுக்கு வந்துவிடும் என்பது அவள் கட்டுரை. வைத்திக்குப்பத்து மீனவப் பெண்கள் வாய்விட்டுச் சொன்னதையெல்லாம் அதில் எழுதியிருந்தாள்.

முதலில் ஆராய்ச்சி வழிகாட்டி சந்திரகலா மேடத்திடம் கடிதம் வாங்கினாள். இவளை உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் உடனே சேர்த்துக்கொள்ளும் என்று மேடம் மனதார எழுதியிருந்தார். தெய்வசிகாமணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத வச்சா நீ வரவே மாட்டேன்னு முடிவு பண்ணிடுவாங்க. கல்யாணப் பத்திரிகை ஏதாவது இருந்தா குடும்மா."

அப்பா இராமதாஸ் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மில் மூடியபின் லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவல் இருப்பவர். மகள் மேடை ஏறுவதைப் பற்றி அங்கே குடியிருக்கும் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

"ஆவணில கல்யாணம்னு அடிச்சுடலாம்மா. அப்புறம் நின்னுபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

"வேணாம்ப்பா. அசிங்கமா இருக்கு."

"அந்தக் குப்பத்து ஜனங்க சொன்னத நீ போயி சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?"

செல்வி மறுப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சரிப்பா," என்றாள்.

முதலியார்பேட்டையில் பக்கத்துத் தெரு அச்சகக்காரர் கலைவாணன் நூறு பத்திரிகைக்குக் குறைந்து அடிக்க மறுத்தார். மாப்பிள்ளை பெயர் இளம்பரிதி என்று எழுதிக் கொடுப்பதற்குள் இராமதாசுக்கு வியர்த்துவிட்டது. பொய் சொல்லிப் பழகாத மனிதர். மீதியை நீங்களே பார்த்துப் போடுங்கள் என்று ஓடி வந்துவிட்டார்.

மறுநாள், அச்சான முதல் இரண்டு பத்திரிகைகள் உறையில், மூலையில் மஞ்சள் தடவி வந்தன. தன் பொய்க் கல்யாணத்தைப் படிக்கச் செல்விக்கு மனம் வரவில்லை. பிரிக்காமலே புது விண்ணப்பத்தோடு கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குள் அச்சக வாசலில் சேதி கேட்டுத் தாய்மாமன் தணிகாசலம் கொதித்துக்கொண்டு வந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

அம்மா சின்னப்பாப்பா உண்மையைச் சொல்லப் பயந்து, "உங்கிட்ட சொல்லாமயாண்ணா? நாளைக்கு வரலாம்னு இருந்தோம்," என்றாள். அவர் குளிர்ந்துபோய் அன்று சாயங்காலமே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. இந்த முறை வாசகம் மாறியிருந்தது. விண்ணப்பதாரர் திரும்பி வரமாட்டார் என்று கருதத் தக்க காரணம் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள்.

செல்வி அழவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. எத்தனை அத்தாட்சி கொடுத்தாலும் ஏழையின் வார்த்தையை அவர்கள் நம்பப்போவதில்லை. கட்டுரையில் எழுதியது இப்போதுதான் உடம்பில் உறைத்தது. இந்தக் கடிதத்தையே கட்டுரையின் கடைசிப் பக்கமாகச் சேர்த்து அனுப்பிவிட்டு, ஆராய்ச்சியை ஏறக்கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்பா சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம மேல என்னம்மா தப்பு? எல்லாந்தான் குடுத்தமே," என்றார்.

அப்போது மீதித் தொண்ணூற்றெட்டுப் பத்திரிகைகளைத் தோளில் சுமந்துகொண்டு கலைவாணன் உள்ளே வந்தார்.

"அவசரத்துல மாப்ள ஊர எழுதாம போயிட்டீங்களேண்ணே," என்றார் அவர், பத்திரிகைக் கட்டை இறக்கிவைத்தபடி. "நம்ம செல்வி பாரிஸுக்கு விசா போட்டிருக்குன்னு தெரியும், அதனால மாப்ள பேருக்குக் கீழ 'பாரிஸ்'னு நானே சேத்துட்டேன்."