துவைக்கிற கல்லின் மறுபக்கம்

சாந்தோம், சென்னை
28 டிசம்பர் 1949

சேசு மரி சூசை துணை.

பாசமுள்ள மச்சான் காஸ்பர் அவர்களுக்கு, ரிடையர்டு வாத்தியார் மரியதாஸ் வந்தனத்துடன் எழுதிக்கொள்வது. திருச்சியில் எல்லாருடைய சுகத்தையும் ஒவ்வொருவராய் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும், விஷயம் அவசரம். உங்கள் தங்கை ஃப்ளோரா பத்து நாளாய் ராயப்பேட்டையில் எங்கள் மகள் கிளாடிஸ் வீட்டில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. குற்றம் என்னுடையதாம். நீங்களே படித்து நியாயம் சொல்லவும்.

நாற்பதாம் வருஷம் எனக்கு டைபாய்டு வந்து டாக்டர் கையை விரித்தது ஞாபகமிருக்கும். பிழைத்து எழுந்ததும் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். சாவை நினைத்து நடுங்குவதைவிட, ஏற்பாட்டை முடித்துவிட்டு நிம்மதியாயிருப்பது மேல். கல்தச்சர் தங்கவேலைக் கூப்பிட்டுக் கல்லறைக்கு ஒரு கல் செய்யச் சொன்னேன். ஒரே கல்லில் என் பேர், கீழே ஃப்ளோரா பேர், பிறந்த வருஷம், இறந்த வருஷத்துக்கு 194 வரை வெட்டிக் கடைசி எண்ணுக்கு மட்டும் இடம். பத்து வருஷம் எங்களுக்குத் தாராளம் என்று அப்போது பட்டது. சொன்னால் அழுவாளே என்று, எழுத்து கீழே பார்க்கும்படி கிணற்றடியில் கவிழ்த்துப் போட்டேன். துவைக்கிற கல்தான் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்து ஒன்பது வருஷம் அதன்மேல் துணி துவைத்தாள். நல்ல கல் என்று என்னைப் பாராட்டவும் செய்தாள்.

பதினேழாம் தேதி வெள்ளையடிக்க வந்தவர்கள் கல்லைப் புரட்டிவிட்டார்கள். ஃப்ளோரா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தாள். நாற்பத்தொன்பது முடிய எத்தனை நாள் என்று விரலை மடக்கி எண்ணினாள். "இன்னும் பதினாலு நாள்தானா எனக்கு? நீங்க போறதுன்னா போங்க, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாள். கடைசி எண் சர்வேசுரன் சித்தம்தானே என்று சமாதானம் சொன்னேன். எடுபடவில்லை. மறுநாள் பெட்டியோடு ரிக்‌ஷா ஏறிவிட்டாள்.

நான் கலங்கவில்லை மச்சான். என் 194-ஐ எதிரில் வைத்துக்கொண்டே காப்பி குடித்தேன், பேப்பர் படித்தேன். இந்த வருஷத்தோடு முடிந்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனா முந்தாநாள் கிளாடிஸ், அம்மாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்னு சொல்லியனுப்பினாள். அப்பத்தான் அவ பேருக்கு நேரே இருக்கிற 194-ஐப் பார்த்தேன். ஓடிப்போய்த் தங்கவேலை இழுத்துக்கினு வந்து, அந்த நாலை மட்டும் எடுத்துடுன்னு கெஞ்சினேன். "வெட்டினது வெட்டினதுதான் நைனா. கல்லு இன்னா சிலேட்டா, எச்சி தொட்டு அயிக்கிறதுக்கு? வேணும்னா அந்த வரியையே செதுக்கிடறேன்" என்றார். செதுக்கச் சொல்லிட்டேன். பேரே இல்லேன்னா எந்த வருஷம் அவளை என்ன பண்ணும்?

ஆகவே இந்தக் காகிதம் கண்டதும் ரயிலேறி வந்து, கல்லில் அவள் பேர் இல்லை, தைரியமாய் வீட்டுக்கு வரலாம் என்று எடுத்துச் சொல்லவும். என் வரி அப்படியே இருக்கிறது. சாவுக்கு அஞ்சாதவன் ஒருத்தனாவது வீட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வந்தனம். குழந்தைகளுக்குத் தேவதாய் ஆசீர் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மரியதாஸ்

பி.கு: தபாலில் சேர்ப்பதற்குள் ஃப்ளோராவே காய்ச்சல் விட்டு வந்து இறங்கினாள். நேரே கிணற்றடிக்குப் போய், "என் பேரு எங்கே?" என்றாள். விவரம் சொன்னேன். போன தடவையைவிட அதிகக் கோபம். தங்கவேல் மறுபடி வந்து உளியோடு உட்கார்ந்திருக்கிறார். அவள் பேர் திரும்பவும் ஏறுகிறது. இறந்த வருஷம் இரண்டு பேருக்கும் கிடையாதாம், என் வரியையும் செதுக்கிப் புதிதாய் வெட்டச் சொல்லிவிட்டாள். எனக்கொன்றும் பயமில்லை, கல்லறையில் நான் தனியாகவே இருந்துகொள்வேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நாப்பது வருஷமா விளக்கை அணைக்காம தூங்கற ஆளு. அங்க நான் பக்கத்துல இல்லாம எப்படிப் படுப்பீங்க?" என்றாள். ஆகவே மச்சான், நீங்கள் வர வேண்டாம்.